மேல்வீட்டு அருவி

மேல்வீட்டுக் கழிவறைக் குழாய், தையலக்காவின் தலைமாட்டுச் சுவருக்குள்தான் இறங்கியது. அதனால் அங்கே குடியிருக்கும் பெயிண்டர் ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்பது, பக்கத்தில் படுத்திருக்கும் அவர் மனைவியைவிட அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும். உடம்பு தூங்கினாலும் அக்காவின் காது தூங்காது. ஒன்று, இரண்டு என்றிருந்தது ஐந்து, ஆறு என்று ஏறியபோது பொறுக்கமாட்டாமல், படிக்கட்டில் நாலு பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, ராத்திரி பூரா மேல அருவி கொட்டுது? டிக்கெட் போட்டு ஆள விடலாம் போலருக்கே!"

"ஒரே தாகம்க்கா. குடிக்கிறேன், போறேன்," என்று அவர் அசடு வழிந்தார். அன்றிலிருந்து கட்டிடம் முழுக்க அவருக்கு 'அருவி' என்றே பெயர்.

அவருடைய பேன்ட்டுகளை இடுப்பில் பிடித்துக் கொடுத்ததும் அக்காதான். மூன்று மாதத்தில் இரண்டு தடவை. முப்பத்தாறு, முப்பத்துநாலு, முப்பத்திரண்டு என்று அளவு நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, "புது மாப்பிள்ள மாதிரி ஆயிட்டீங்க, ரகசியம் என்ன?" என்று கண்ணடித்தாள். பிறகு குழாய் அடங்கிப்போனது. கிண்டல் பலித்தது என்று அக்காவுக்கு உள்ளூரப் பெருமை, நல்ல தூக்கம்.

மேல்வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து போன இருபதாவது நாள், பெயிண்டர் மனைவி மூன்று பேன்ட்டுகளோடு இறங்கி வந்தாள்.

"இடது கால மட்டும் மடிச்சுத் தெச்சுடுங்கக்கா. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அக்கா பேன்ட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பெயிண்ட் அடிக்கிற ஏணி இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் சாய்ந்திருந்தது.

"சர்க்கரையாம். அளவே இல்லாம ஏறியிருக்கு. ராத்திரி எத்தன தடவ எழுந்திரிப்பார், எப்பலேருந்து இளைச்சார்னு டாக்டர் கேட்டாரு. விடிகாலைல வேலைக்கு ஓடுறவ, கட்டை மாதிரி தூங்குவேன், எனக்கென்ன தெரியும்? திருதிருன்னு முழிச்சேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "லைட்டப் போட்டா கீழ அக்காவுக்குத் தெரியும்னு இருட்டுலயே போவாராம். கக்கூஸ்ல தண்ணியக்கூட காலைலதான் ஊத்துவாராம். கதவு நிலைல கால் விரல் இடிச்சுருக்கு. வலியே தெரியலையாம், புண்ணோடயே ஷூவப் போட்டுட்டு வேலைக்குப் போயிருக்காரு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. டாக்டரின் இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த ஒரே ஆள் இங்கே நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று காதில், மற்றது நோட்டில். ஊர் சங்கதியெல்லாம் மூக்கை நுழைத்துக் கேட்பவளுக்கு, "தம்பி, ஒரு தடவ ரத்தம் பாத்துடுங்க" என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே.

அன்று ராத்திரி பேன்ட்டை மடியில் போட்டபடி இருட்டில் வெகுநேரம் விழித்திருந்தாள். மேலே ஊன்றுகோல் எழுந்தது. டொக். நின்றது. டொக். எதிர்க் கட்டிடச் சுவரில் விழ வேண்டிய மேல்ஜன்னல் வெளிச்சம் இன்றைக்கும் விழவில்லை. குழாயும் பேசவில்லை. அக்கா எழுந்து தன் வீட்டு விளக்கைப் போட்டாள். எதிர்ச்சுவரில் கீழ்ஜன்னல் வெளிச்சம் மட்டும் மஞ்சளாக விழுந்து கிடந்தது.