பிப்ரவரியில் எழுதிய சோதனை

செப்டம்பர் முதல் தேதி வரைக்கும், அணிக்கு ஆள் எடுக்க வந்த கல்லூரிப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்பது விதி. அதனால் மைதானத்துக் கோட்டோரம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். லாங் ஐலண்டின் ஜூலை வெயிலில் ஒவ்வொரு தொப்பியிலும் ஒரு கல்லூரியின் பெயர்.

"என்ன நோரீன், செப்டம்பர் ஒண்ணுக்கு இப்பவே போனை சார்ஜ்ல போட்டுட்டியா?" பக்கத்து வீட்டு கிளாடியா சீண்டினாள்.

"உன் பொண்ணுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்களேன்னு வயித்தெரிச்சலாடி?"

சிரிப்பு நோரீனின் உதட்டோடு நின்றது. பார்வை மருத்துவக் கூடாரத்தின் மேலேயே இருந்தது.

கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் மகள் பிரிஜிட்டின் நெற்றிப்பொட்டில் எதிரணிக்காரியின் வலைமட்டை பட்டது. வலைமட்டையால் பந்தைப் பிடித்து எறிகிற இந்த லக்ராஸ் ஆட்டத்தில் பெண்கள் தலைக்கவசம் போடுவதில்லை. கண்ணுக்குக் கம்பிக் கவசம் மட்டும்தான். சத்தம் சின்னதாகத்தான் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி.

ஆறு வயதில் அவளுக்கு முதல் மட்டையை வாங்கித் தந்தவள் நோரீன். வலையில் பந்தைத் தாலாட்டிக்கொண்டே மகள் பாய்ந்து ஓடும்போதெல்லாம் நோரீனுக்கு நெஞ்சு விம்மும். அந்த ஆனந்தம் மகளுடையதா தன்னுடையதா என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

கூடாரத்திலிருந்து அணியின் சிகிச்சையாளர் பெகோரா கணினிப் பலகையோடு வெளியே வந்தாள். பின்னால் பிரிஜிட்.

"பிப்ரவரியில எடுத்த மார்க்தாங்க இப்பவும். ஒரு புள்ளிகூடக் குறையல. விளையாடலாம்."

சீசனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுக்கிற ஞாபகசக்திச் சோதனை அது. அன்றைக்குக் காரில் போகும்போது அவள்தான் சொன்னாள்: "வேணும்னே மெதுவா பண்ணு, செல்லம். நாலஞ்சு தப்பா போடு. பின்னாடி தலையில அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பிரிஜிட் கெட்டிக்காரி. சொன்னபடியே தப்பாகப் போட்டாள்.

இன்று தப்பாகப் போடு என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் அதே மார்க்.

"அவ பிப்ரவரியில..." நோரீன் ஆரம்பித்தாள்.

"என்னங்க?"

பெகோராவின் தோளுக்கு அப்பால், நீலத் தொப்பிக்காரர் ஒருவர் பிரிஜிட்டின் சட்டை எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ அடிக்கோடிட்டார்.

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தின்னேன்."

பிரிஜிட் கண்கம்பியை மாட்டிக்கொண்டாள். "ம்மா, நம்ம முதல் மேட்ச் எப்போ?"

"இதுதாண்டி. பாதி ஆடியாச்சே."

"ஓ," என்று சிரித்துவிட்டு ஓடினாள். எப்போதும் போல அழகாகத்தான் ஓடினாள். தன் அணியைத் தாண்டி ஓடிப்போய் எதிரணிப் பெண்களின் வரிசையில் அவர்களில் ஒருத்தி போல நின்று, மட்டையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.

"என்னடி, உன் பொண்ணு வேடிக்கை காட்டுறா?" என்றாள் கிளாடியா.

நோரீன் வேகமாக நடந்தாள். சுண்ணாம்புக் கோட்டருகே கால் நின்றுவிட்டது. மகளின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தாள். நீலத் தொப்பி அவள் பக்கம் திரும்பியது.

வாயை மூடிக்கொண்டாள்.

விசில் ஒலித்தது.