தோல் டாக்டரின் தீர்ப்பு

பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாப் போட்டிக்கு அந்த ஆண்டும் தலைமை நடுவர் பெரிய சார்தான். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கேள்வியும் பதிலும் அவரே கைப்பட அட்டைகளில் எழுதிக் கொண்டுவருவார். பக்கத்து நாற்காலியில் துணை நடுவராகத் தோல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் படையை விரட்டிய கைராசிக்காரர். ஆனால் பெரிய சாரிடம் படித்தவர். சார் இருமினால்கூட இவர் எழுந்து நின்றுவிடுவார். கேள்வி கேட்பது டாக்டரின் மனைவி. பூகோள ஆசிரியை. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல்.

போட்டிக்கு முன்பே அட்டைகளைச் சரிபார்க்கச் சொல்லி டாக்டரிடம் கொடுத்திருந்தார்கள். பெரிய சார் எழுதியதை நான் சரிபார்ப்பதா என்று பதறி, ஒன்றைக்கூடப் புரட்டாமல் ‘சரி’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமமாக வந்து நின்றன. கடைசிக் கேள்வி.

“மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு எது?”

பெண்கள் அணித் தலைவி பஸ்ஸரை அழுத்தினாள். “தோல்!”

ஆசிரியை அட்டையைத் திருப்பினார். ‘கல்லீரல்’ என்று இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் டாக்டரோடு குடும்பம் நடத்துபவர். சாப்பாட்டு மேசையிலேயே அந்தப் பாடம் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஆனாலும் அட்டை அட்டைதானே.

“அட்டைப்படி… தப்பு” என்றார். அந்தக் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

“எப்படி மேடம் தப்பாகும்?” அந்தப் பெண் விடவில்லை. “டாக்டர் சார் கிளினிக் போர்டுலயே ‘உடம்பின் மிகப் பெரிய உறுப்பைப் பேணுவோம்’னு எழுதியிருக்கே!”

அரங்கம் முழுவதும் டாக்டர் பக்கம் திரும்பியது. டாக்டர் மேசை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய சார் அவர் காதருகே குனிந்தார். “என்னப்பா சொல்ற? நீ பாத்துச் சரின்னு எழுதின அட்டைதானே?”

“ஆமா சார்.”

“அப்போ கல்லீரல்தான்?”

“உள்ளுறுப்புன்னு எடுத்துக்கிட்டா… ஒரு வகையில சார்…”

“அந்தப் பொண்ணு சொல்றது?”

“அதுவும் ஒரு வகையில சார்…”

எதிரணி ஆசிரியர் எழுந்து, நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று சத்தம் போட்டார். பெண்கள் அணியின் பெற்றோர் பதிலுக்குக் கத்தினார்கள். ஆசிரியை நடுவர் மேசைக்கு விறுவிறுவென்று நடந்து போய், மைக்கைக் கணவர் முன்னால் வைத்தார்.

“நீங்களே சொல்லிடுங்க.”

“நீ சொல்லேன்மா…”

“நான் பூகோளம்.”

வேறு வழியில்லாமல் டாக்டர் எழுந்தார். பெரிய சாரின் கல்விப் பணியைப் புகழ்ந்தார். அவருடைய கையெழுத்தின் அழகைப் புகழ்ந்தார். அவர் கையால் வாங்கிய அடிகளைக்கூடப் புகழ்ந்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. எதிரணியில் ஒரு பையன் பஸ்ஸர் மேல் தலைசாய்க்க, அது வீறிட்டது. அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, “ஆனா பதில் தோல்தான்” என்று டாக்டர் முணுமுணுத்தார். மைக் அதை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெரிய சார் மெல்ல எழுந்து மைக்கை வாங்கினார்.

“அதைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். டைப் அடிச்சவன் மாத்திட்டான்” என்றார்.

ஆசிரியை தம் கையிலிருந்த, நீல மையில் எழுதிய அட்டையைப் பார்த்தார். பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பெண்கள் அணிக்குக் கோப்பையை வழங்கினார் பெரிய சார். ஆனால் மைக்கைக் கீழே வைக்கவில்லை. தோலின் பெருமை குறித்துப் பேசத் தொடங்கிவிட்டார். புகைப்படக்காரர் இன்னும் படம் எடுக்கவில்லை. அதனால் தூக்கிப் பிடித்த கோப்பையை அந்தப் பெண்களால் இறக்கவும் முடியவில்லை.

“நான் சொல்றேன், தோலுக்கு டாக்டரே வேண்டாம். நல்லாத் தேய்ச்சுக் குளிச்சாப் போதும்!” என்று முடித்தார் பெரிய சார்.

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் எழுந்து நின்று தட்டினார்.