இடது முன்சக்கரம்

திவ்யலட்சுமி மாலையில் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள். ஜீப் அவள் பெயரில் இருந்தது, அதில்தான் போகிறாள். தாணுமாலையன் அவளிடம் கேட்டது ஒன்றுதான். போவதற்கு முன், சத்தம் வருகிற முன்சக்கரத்து ஹப்பை, அதாவது சக்கரம் சுழலும் பேரிங்கை, மாற்றித் தருகிறேன், பகல் முழுக்க வண்டி என்னிடம் இருக்கட்டும் என்றான். அவள் "செரி" என்றாள்.

அந்தச் சத்தத்தை அவள் முதலில் சொன்னது இருவரும் போனக்காடு போய்த் திரும்பிய அன்று. மலைப்பாதையின் கல்லும் சேறும் முடிந்து, தார்ச்சாலையில் வண்டி வேகம் எடுத்ததும், கீழே ஏதோ முனகுகிறது என்றாள். சேற்றுக்கென்று போட்ட கட்டை டயர், அப்படித்தான் இரையும் என்றான். அதற்குப் பிறகும் பலமுறை சொன்னாள். அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றின் இரைச்சலோடு ஓட்டினான்.

"ஒண்ணும் இல்லை திவ்யா. உனக்கு அப்படித் தோணுது."

வீட்டிலும் அதைத்தான் சொல்லிவந்தான். ஒரே வீட்டில் ரெண்டு பேரும் தனித்தனியாகக் குடியிருக்கிறோம் என்று அவள் சொன்னபோதும், கரு கலைந்த பிறகு நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை என்று சொன்னபோதும் அதே பதில். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருவான், சாப்பிடுவான், புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவான். வீடு அமைதியாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும். கழக்கூட்டத்தில் வேலை முடித்து, நெரிசலைத் தாண்டி வீடு வருகிறவள் அந்த அமைதிக்குள் என்ன செய்வாள் என்று அவன் யோசித்ததில்லை. போன மாதம் இருவரும் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

அவள் காதில் விழுந்ததெல்லாம் உண்மைதான் என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாயால் சொல்ல வரவில்லை. சத்தத்தை நிறுத்திக் காட்டினால் அவள் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தான். அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பாமல் இருந்துவிடக்கூடும் என்றும் நினைத்தான். அந்த நினைப்பைக் கொண்டுதான் இரண்டு நாளாகத் தூங்கினான்.

ஹப்பைப் பாப்பனங்கோட்டில் யூசுப்பின் உதிரிபாகக் கடையில் வாங்கினான். யூசுப் குளச்சல்காரர், பழைய பழக்கம். வண்டியை விட்டுப் போகச் சொன்னார். இல்லை, நானே மாற்றப்போகிறேன் என்றான்.

"பேனா பிடிச்ச கை ஓய் இது. நீரு நட்டைக் கழத்த மாட்டீரு. நட்டுதான் உம்மளைக் கழத்தும்."

எந்தப் பக்கம் சத்தம், நல்லாப் பார்த்தீரா என்று அவர் கேட்டபோது, இடது என்றான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. திவ்யா எப்போதும் இடது பக்கத்தில்தான் உட்காருவாள். இடது பக்கம் வளையும்போது அதிகமாகக் கேட்கிறது என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

கரமனை வீட்டின் முற்றத்தில், ஜாக்கி வைத்து இடது சக்கரத்தை மட்டும் தூக்கினான். ஒரு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினான். லேசாக ஒரு சொரசொரப்பு தட்டியது போலிருந்தது. தட்ட வேண்டும் என்று எதிர்பார்த்த கை அது. வலது பக்கத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரி சரோஜம் எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ் இப்போ முற்றத்துக்கு வந்தாச்சா சாரே?" அவன் சிரித்துவைத்தான். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

சக்கரம் எளிதில் வந்தது. பிரேக்கைக் கழற்றி, குழாய் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். ஹப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள்தான் அசையவில்லை. வண்டி ஆறுகளில் இறங்கி ஏறியதில் பிடித்த துரு முழுக்க அங்கே இருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தான், சுத்தியலால் அடித்தான். கைமுட்டி கிழிந்தது. உள்ளே திவ்யா பெட்டிகளை இழுக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. ஒருமுறை வெளியே வந்து, காயத்துக்குப் போட ஒரு பிளாஸ்திரியைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கையில் தரவில்லை.

பழைய ஹப் கடைசியில் ஒரே அடியில் விட்டு வந்தது. அதைச் சுவரோரம் வைத்தான். புதியதைப் பொருத்தி எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவன் முதல்முறையாக அவள் இடத்தில் உட்கார்ந்தான். அவள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள்.

திருவல்லம் கடந்து பைபாஸில் வண்டி வேகம் எடுத்தது. அப்போது அது கேட்டது. டயரின் இரைச்சலுக்கு அடியில், தொண்டைக்குள்ளேயே அழுகிற ஒருவரின் குரல் போல, விடாமல் ஒரு முனகல். சாலை இடப்பக்கம் வளைந்தபோது அது பெருத்தது. வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய்வதை அவன் உடம்பு உணர்ந்தது. பாரம் விழுகிற சக்கரம்தான் முனகும். அது அவள் காலடியில், வலது சக்கரத்தில் இருந்தது. இத்தனை மாதமும் அவன் காலடியில் இருந்தது.

அவள் பக்கம் திரும்பினான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன.

"சத்தம் போயிடுச்சு" என்றாள். "நல்லா இருக்கு."

அவள் குரலில் கேலி இல்லை. களைத்து வந்த விருந்தாளியிடம் பேசுவது போல இதமாகச் சொன்னாள். எத்தனை சண்டை போட்டிருப்பாள் இந்தச் சத்தத்துக்காக. இப்போது அது காதில் விழும்போதே, இல்லை என்கிறாள்.

"இருக்கு திவ்யா. எனக்குக் கேக்குது. வலது பக்கம். நான் தப்பான பக்கத்தை மாத்திட்டேன்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். நடுத்தடுப்பின் அடுத்த இடைவெளியில் வண்டியைத் திருப்பினாள்.

புதிய ஹப்பைக் கழற்றி வலது பக்கத்தில் போட்டுவிடலாம், பழையது இடது பக்கத்துக்கே போகட்டும், இரண்டுக்கும் ஒரே அளவுதான் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். இருட்டுவதற்குள் முடியாது, நாளைக் காலையில் முடித்துவிடலாம், ஒரு நாள் மட்டும் இருந்தால் போதும் என்றான். நெடுங்காலமாக அவளிடம் இவ்வளவு பேசியதில்லை.

வீட்டுக்கு முன் நிறுத்தியபோது அவள் எஞ்சினை அணைக்கவில்லை.

"வேண்டாம். போற வழியில திருநெல்வேலில அப்பா வீட்டுப் பக்கத்துல ஒர்க்‌ஷாப் இருக்கு. அது வரைக்கும் மெதுவாப் போறேன்." அவன் கையைப் பார்த்து, "காயத்துக்கு மருந்து போடுங்க" என்றாள்.

அவன் உள்ளே போய்ப் பெட்டிகளை எடுத்துவந்து பின்னால் ஏற்றினான். தெருமுனையில் ஜீப் திரும்பும் வரை நின்றான்.

முற்றத்தில் ஜாக்கியும் துணிகளும் கிடந்தன. பிரிக்காத பிளாஸ்திரி திண்டின் மேலேயே இருந்தது. அவன் சுவரோரம் உட்கார்ந்து, பழைய ஹப்பை மடியில் எடுத்து வைத்து விரலால் சுழற்றினான். அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. காதருகே கொண்டுபோய் மறுபடியும் சுழற்றினான்.

ஒரு சத்தமும் இல்லை.