பன்னிரண்டாம் தேதி திறக்கிற வழி

"பிரேக்குல இருந்து காலை எடுங்கப்பா" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் மகள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தப்புப் பண்ணினால் அவள் மிதிப்பதற்கு. இன்றைக்கு அந்த இருக்கையில் அப்பா சாய்ந்து கிடந்தார், மார்புவரை ஆஸ்பத்திரிப் போர்வையோடு. உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் வலது கால் மட்டும் அந்த பிரேக்கை விடுவேனா என்றது.

"நீ ஓட்டுற லட்சணத்துக்கு இது வேணும்" என்றார்.

"இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னைக்குப் பொழுது தாண்டுறதே கஷ்டம்" என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அம்மா நேற்றுதான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். செய்தி கேட்டதும் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூச்சோட கொண்டாந்து சேர்த்துடுடி."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு பதினாலு கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறிய பத்தாவது நிமிஷத்தில் எல்லாம் நின்றுவிட்டது. வீட்டுக்கும் அப்பால் எங்கேயோ, பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு டேங்கர் பழுதாகிக் கிடக்கிறதாம். பழைய பாதை இரண்டிலும் வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இடுப்பு உயரத்துக்கு வரிசையாக வைத்திருந்த கான்கிரீட் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம், சாலையின் நடுவில், புதிதாகப் போட்ட இரண்டு பாதைகள். தார் கறுப்பு மாறவில்லை, வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கிறது, ஈ காக்காய் இல்லை.

சாலையை அகலப்படுத்தும் வேலையில் அந்தத் தடுப்புகளுக்கு அப்பாதான் மேஸ்திரி. இரண்டரை வருஷம் கிரேனை வைத்து ஒவ்வொன்றாக இறக்கியவர் அவர். எந்தத் தடுப்பை எந்தத் தேதியில் நகர்த்த வேண்டும் என்பது நுனிநாக்கில் இருக்கும். மணி என்ன என்று கேட்டால்கூடத் தேதியைத்தான் சொல்வார் என்று கிண்டல் பண்ணி, அவருக்குத் 'தேதி மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். படுத்த நாலு மாசமும் அவர் அந்த வேலையை விடவில்லை. "இன்னைக்குக் கோடு போட ஆரம்பிச்சிருப்பானுங்க", "இன்னைக்கு போர்டு நட்டிருப்பானுங்க" என்று கட்டிலில் கிடந்தபடியே சாலையைப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"உள்ள விடு" என்றார் அப்பா.

"எங்க?"

"புதுப் பாதையில. அதோ கொடிக்காரன் நிக்கிறான் பாரு. நம்ம வீட்டுக்கு இறங்குற எக்சிட்டுல தடுப்பை எடுத்தாச்சு. பன்னண்டாம் தேதி. இன்னைக்குப் பதினாறு."

திறக்காத பாதையில் இன்ஜினீயர் காரையே விடாமல் திருப்பி அனுப்பிய மனுஷன். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலை இறக்கிக் கையை ஆட்டினாள். ஓடிவந்த கொடிக்காரர் உள்ளே படுத்திருப்பவரைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

"ஐயோ மேஸ்திரி... என்ன இப்பிடி ஆயிட்டீங்க?"

"அண்ணே, எங்க எக்சிட் திறந்தாச்சா?" என்று மகள் கேட்டாள்.

"நான் இந்த முனையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லம்மா. ஆனா மேஸ்திரி சொன்னா சொன்னதுதான். அவரு தேதி தப்பி நான் பாத்ததில்ல." தடுப்பு இடைவெளியை மறித்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள் இரண்டை அவரே இழுத்து ஓரமாக வைத்தார்.

சத்தமே இல்லாத சாலை. கார் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் இவர்களை எரிச்சலோடு பார்த்தார்கள்.

"அம்பதுலயே போ. வேலை நடக்கிற இடம்" என்றார் அப்பா.

"சும்மா வாங்கப்பா" என்று எண்பதில் ஓட்டினாள். அப்பா கோட்டையும் போர்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. சேர்த்துவிடுவோம் என்று அவளுக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. அம்மா போன் பண்ணியபோது, "அஞ்சே நிமிஷம்மா, முழிச்சிட்டுத்தான் இருக்காரு" என்றாள்.

வீடிருக்கிற அடுக்குமாடி தெரிந்தது. வேகத்தைக் குறைத்து இறங்கும் வழியை நோக்கித் திருப்பினாள். கார் குலுங்கி நின்றது. அவள் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. அப்பாவின் கால்.

எதிரே, இறங்கும் அம்புக்குறிக்கு மேலேயே, தடுப்புகள். பதினாலு. ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு டன், கிரேன் இல்லாமல் அசையாது.

"எடுக்கலியா?" என்றார் அப்பா. சின்னக் குரலில்.

"எடுக்கலப்பா."

"பன்னண்டாம் தேதின்னு... நாந்தானே உள்ள விடச் சொன்னேன்."

"பரவால்லப்பா" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. தடுப்பை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது, அவரையும் அவருடைய தேதியையும் சேர்த்து. திரும்பிப் போனால் ஏழு கிலோமீட்டர், அப்புறம் அதே நெரிசல். அப்பா வாயால் மூச்சு விட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

அவள் போனை எடுத்தாள். "அம்மா, ஜன்னல் வழியா பாரு. புதுப் பாதையில ஒரு கார் தனியா நிக்குதா?"

"நிக்குது."

"நாங்கதான். வழி அடைச்சிருக்கு. நீ இறங்கி வந்துடும்மா. வேலியில வேலையாளுங்க போற கதவு இருக்குல்ல, அது வழியா வா. வண்டியெல்லாம் நின்னுட்டுத்தான் இருக்கு."

போன் வழியே படிகளில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாவின் பக்கம் தடுப்பை உரசும்படி காரை நகர்த்தி நிறுத்தி, அவர் ஜன்னலை முழுக்க இறக்கினாள். அம்மா வேலியைத் தாண்டி வந்தாள். வாராத தலை. நின்றிருந்த ஒவ்வொரு வண்டிக்கும் கையைக் காட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, நடுவில் புகுந்து வந்தாள்.

அப்பா பார்த்துவிட்டார். "வண்டிங்களைப் பாத்து வரச் சொல்லு" என்றார்.

"பாத்து வாம்மா!" என்று மகள் கத்தினாள். கத்திவிட்டுத் திரும்பியபோது போர்வை அசையவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அம்மாவுக்குக் கடக்க இன்னும் ஒரு பாதை இருந்தது. மகள் அதற்கப்புறம் எதுவும் கத்தவில்லை.

அம்மா ஒரு லாரியின் முன்புறத்தைச் சுற்றி வந்து, வயிறு அழுந்தத் தடுப்பின் மேல் சாய்ந்து, ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள். "என்னங்க."

பிறகு மகளைப் பார்த்தாள். மகளால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை.

"கை சூடாத்தான்டி இருக்கு" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

தூரத்தில் நெரிசல் விட்டது. அடுத்த பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. லாரிக்காரர் கியரைப் போட்டுவிட்டு, தன் வண்டிக்கு முன்னால் தடுப்பின் மேல் குனிந்து கிடந்தவளை மேலிருந்து பார்த்தார். காருக்குள்ளும் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். அவருக்குப் பின்னால் ஹாரன்கள் அடித்துக்கொண்டே இருந்தன.