இருடா, வர்றேன்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதுதான் அவர் வேலை. முப்பது வருஷமாக அதே கடை, அதே மேஜை. அதனால் கூட்டாளிகள் அவரை லென்ஸ் என்றே கூப்பிட்டார்கள். பேக்கரி நடத்துகிறவர் பேக்கரி. ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருப்பவர் தாடி. அவர் தாடியை மழித்து இருபது வருஷமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. நாலாவது ஆள் தபால்காரர். அவரைத் தபால் என்பதைத் தவிர வேறெப்படிக் கூப்பிடுவது?

பள்ளிக்கூட நாளிலிருந்தே நாலு பேரும் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் விட்டு ஆற்றுத் தண்ணீர் தெளியும் சமயத்தில், நாலு நாள் மீன் பிடிக்கப் போவார்கள். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் தூங்கும் மீன்பிடி அல்ல. இதில் தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்ய வேண்டும். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, நீளமான கோலை முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப் பூச்சியை நிஜப் பூச்சி போலத் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். குளிர்ந்த ஆற்றில் வாழும் டிரவுட் மீன் லேசில் ஏமாறாது. பூச்சி கட்டுவது லென்ஸின் பொறுப்பு. கடுகளவு திருகாணியோடு மல்லுக்கட்டிப் பழகிய விரல்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நாலு பேரில் மீன் வராத கை தபாலுடையது. பத்து வருஷத்தில் நாலே நாலு மீன். அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது. அவர் பேசுவதற்காக வந்தவர். தண்ணீரில் நின்றபடியே மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "டேய், வாடா, இந்தப் பறவையப் பாரு." "டேய், வாடா, அந்த மேகம் நம்ம ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்குடா." போனால் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டால் எவன் போவான்?

போன வருஷம் மூன்றாம் நாள் காலையில், தபால் அந்த ஆற்றிலேயே செத்துப்போனார். மூழ்கிச் சாகவில்லை. மாரடைப்பு. பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆறுதலடைந்தார்கள்.

இந்த வருஷம் தண்ணீர் தெளியத் தொடங்கியதும் பேக்கரி போன் செய்தார்.

"லாட்ஜுல சொல்லிட்டேன்டா. இந்தத் தடவ போகலேன்னா நாம இனிமே போகவே மாட்டோம். நீ பூச்சியக் கட்டு. தாடி தண்ணில எறங்கற ரப்பர் உடுப்பையெல்லாம் ஒட்டித் தர்றேன்னிருக்கான்."

"பாக்கலாம்டா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? கட்டு."

லென்ஸ் கடையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் சின்னப் பிடிப்பானை முடுக்கி, அதில் முள்ளை மாட்டினார். நூல் சுற்றினார். பழுப்பு இறகை எடுத்து அடியில் கட்டினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மூன்று நாளாக இதே கதை. மனைவி தட்டுகளை வைக்க இடம் கேட்டு நின்றாள்.

"முடியலேன்னா விட்டுடுங்களேன். யாரு உங்கள அடிக்கப்போறா?"

அவர் இறகுகளை ஒதுக்கித் தட்டுகளுக்கு இடம் விட்டார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. தபால் செத்த அன்று காலையில் ஆற்றில் அவருக்கு முப்பது நாற்பது அடி கீழே லென்ஸ் நின்றிருந்தார். பழுப்புப் பூச்சியை ஒரு மீன் கவ்வியிருந்தது. பத்து வருஷத்தில் அவர் கோல் அப்படி வளைந்ததில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய் லென்ஸ், வாடா." வழக்கமான குரல்தான். கொஞ்சம் சன்னமாக இருந்ததோ என்னவோ, பிறகு யோசிக்கும்போதுதான் அப்படித் தோன்றியது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருடா, வர்றேன்" என்றார். மீனைக் களைக்கவிட்டு, வலையில் வாங்கி, முள்ளை எடுத்துவிட்டு, பெருமையாகத் தூக்கிக் காட்டத் திரும்பினார். தபால் தண்ணீரில் குப்புறக் கிடந்தார்.

கேட்டவர்களிடமெல்லாம் லென்ஸ் சொன்னது ஒன்றே: "சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா விழுந்து கெடக்கறான்."

அந்த வாரம் தபாலின் மனைவி போன் செய்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறவள், அளந்து பேசுவாள்.

"அண்ணா, ஆத்துக்குப் போறீங்களாமே. அவரு சாமானெல்லாம் சும்மாத்தானே கெடக்கு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போங்க. உங்களுக்காவது உபயோகப்படட்டும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் மாடி வீடு. படி ஏறி மூச்சு வாங்க நின்றவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டில்மேல் எல்லாம் பரப்பி வைத்திருந்தது. துணி உறையில் கோல். தூண்டில் நூல் சுற்றிய சுருள் தனியாக ஒரு சாக்ஸுக்குள். பத்துப் பதினைந்து பை வைத்த அவருடைய கையில்லாத சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள். மீன் பிடிக்கும் சட்டைக்கு யார் இஸ்திரி போடுவார்கள்?

"இது என்னதுண்ணா?" ஒரு சின்ன டப்பாவைக் காட்டிக் கேட்டாள்.

"மெழுகு மாதிரி. பூச்சி முங்காம மிதக்கறதுக்குத் தடவுவோம்."

"அவரு தலைக்குப் போடறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்." லேசாகச் சிரித்தாள். "சட்டப் பையப் பாத்தீங்களா? சக்கர வியாதிக்காரரு. பை பூரா மிட்டாய் பேப்பர். என்கிட்ட எவ்ளோ சத்தியம் பண்ணியிருக்காரு தெரியுமா?"

"நாங்களும் திட்டுவோம்மா. கேக்கமாட்டான்."

"யாரு சொல்லித்தான் கேட்டாரு." அவள் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். பாதியில் கை நின்றது. "அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலைல கடைசியா என்ன பேசினாரு? எதுனாலும் பரவால்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

பொய் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஹெட்மாஸ்டர் மேகத்தைச் சொல்லியிருக்கலாம். அது முந்தின நாள் நடந்ததுதான், யாருக்குத் தெரியப்போகிறது? லென்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்னைக் கூப்பிட்டான்மா."

"என்னன்னு?"

"லென்ஸ், வாடான்னு. நான் போகல. கோல்ல பெரிய மீன் இருந்துச்சு. எப்பவும் போல சும்மா கூப்பிடறான்னு நெனச்சேன். இருடா, வர்றேன்னு சொன்னேன். மீனை எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள..."

அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம். மூணு கூட இருக்கலாம்."

"டாக்டருக்கு இது தெரியுமா?"

"இல்ல. யாருக்கும் தெரியாது."

அவள் மிச்சச் சாமானையும் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"ஒரு வருஷமா நான் அவரத்தான் திட்டிட்டிருக்கேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு, ஒரு வார்த்த யாரையும் கூப்பிடத் தோணலையேன்னு. சமைக்கும்போது திட்டுவேன், பஸ்ஸுல போகும்போது மனசுக்குள்ள திட்டுவேன். கூப்பிட்டிருக்காரு. பாவம் மனுஷன், கூப்பிட்டிருக்காரு." பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "நீங்க போங்கண்ணா. இப்பப் போங்க."

"மன்னிச்சுடும்மா."

"போங்கன்னு சொல்றேன்ல."

பெட்டி கட்டில்மேலேயே இருந்தது. லென்ஸ் வெறுங்கையோடு படி இறங்கினார். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நேரே பேக்கரிக்குப் போனார்.

பேக்கரியின் பின்பக்கம் மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் தாடி உட்கார்ந்திருந்தார். ரப்பர் உடுப்பின் கால் வழியாக டார்ச்சை விட்டு, எங்கே ஒளி கசிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பேக்கரி மூட்டைமேல் சாய்ந்து, அவருக்கு யோசனை சொல்கிறேன் பேர்வழி என்று தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

லென்ஸ் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மீன், குரல், சொன்ன பதில், அவளிடம் இப்போது ஒப்புக்கொண்டது. இருட்டாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

முதலில் பேசியது தாடி.

"எனக்கும் கேட்டுச்சுடா."

"என்னது?"

"அவன் கூப்பிட்டது. நான் மேல, வளைவுக்கு அந்தப் பக்கம் நின்னேன். லென்ஸ்னு கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. நீ இருடான்னு சொன்னதும் விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டேன். லென்ஸ்தான் பக்கத்துல இருக்கானே, அவன் போய்க்குவான்னு விட்டுட்டேன்." தாடி டார்ச்சை அணைத்தார். "நீ சத்தமே வரலேன்னு சொன்னப்ப, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அப்படியே நானும் மூடிக்கிட்டேன்."

பேக்கரி எழுந்து விளக்கைப் போட்டார். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரு வருஷமா இத வெச்சுக்கிட்டு என் கடைல வந்து டீ குடிச்சிட்டிருந்தீங்களா?"

தாடி உடுப்பை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார்.

"அவ வீட்டுல போய், அவனுக்கு வலியே தெரிஞ்சிருக்காதும்மா, நொடில போயிட்டான்னு சொன்னவன் நான்டா. என்னப் பொய்யனாக்கிட்டீங்க." கோபம் அவரிடம் அதிக நேரம் நிற்கவில்லை. மூட்டைமேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நான் லாட்ஜுல முட்டை பொரிச்சிட்டிருந்தேன். கேட்டிருந்தா மட்டும் கிழிச்சிருப்பனா? மேகத்தக் காட்டறான்னு நானும் கரண்டியத்தான் பிடிச்சிட்டு நின்னிருப்பேன்."

அதோடு பயணப் பேச்சு நின்றுபோனது. போகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. போகிறோம் என்றும் சொல்லவில்லை. வட்டம் போட்ட உடுப்பு ஒட்டப்படாமல் ஆணியில் தொங்கியது.

மூன்று நாள் கழித்து, கடையில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் தபாலின் மனைவி வந்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். லென்ஸ் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தார்.

"தாடி அண்ணா வீட்டுக்கு வந்து அவரு பங்கையும் சொல்லிட்டுப் போனாரு," என்றாள். "உங்கள மன்னிக்கறதா வேண்டாமான்னு எனக்கே இன்னும் தெரியல. இன்னைக்கு ஒண்ணு தோணுது, நாளைக்கு வேற தோணுது. அது கெடக்கட்டும். நான் அந்த எடத்தப் பாக்கணும். என்னக் கூட்டிட்டுப் போங்க."

"வேண்டாம்மா. அங்க போய்..."

"கேட்டா கூட்டிட்டுப் போகமாட்டீங்களா?"

"போலாம்."

"வண்டில உங்ககூடப் பேசமாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. என்னால முடியாது, அவ்ளோதான்."

அன்று மாலை லென்ஸ் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மேஜைமுன் உட்கார்ந்தார். பழுப்பு இறகை ஒதுக்கிவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஆறு பூச்சி கட்டினார். நல்ல வேலை என்று சொல்ல முடியாது. முடிச்சு பெரிதாக, தலை கோணலாக இருந்தது. தாடி உடுப்பை ஒட்டினார். பேக்கரி ரொட்டியும் ரஸ்க்கும் கட்டினார்.

கிளம்பிய விடிகாலையில் அவள் முன் சீட்டில், வண்டி ஓட்டிய பேக்கரிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஐந்து மணி நேரப் பாதை. பேக்கரி மட்டும் ரோட்டைப் பற்றியும் லாரிகளைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் இருவரும் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் லென்ஸ் கையை நீட்டி இடத்தைக் காட்டினார். பெரிய பாறைக்கு இந்தப் பக்கம், கூழாங்கல் தெரியும் இடம். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானா தண்ணி?" என்று பேக்கரியிடம் கேட்டாள்.

"இவ்ளோதான்மா. முழங்கால் வரைக்கும்."

அவள் பாறைமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. யாரும் கோலை உறையிலிருந்து எடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு அவளே சொன்னாள், "பிடிங்க. இவ்ளோ தூரம் வந்துட்டுச் சும்மா நின்னா எப்படி." பேக்கரியும் தாடியும் இறங்கினார்கள். அரைமணி நேரம் வீசினார்கள். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. லென்ஸ் கரையில், அவளுக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் லாட்ஜில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி, இந்தப் பத்து வருஷமும் தன் கணவர் இங்கே வந்து என்னதான் பேசுவார் என்று அவள் கேட்டாள். பேக்கரியும் தாடியும் சொன்னார்கள். விலாசம் தப்பிப் போன கல்யாணப் பத்திரிகை, அவரைத் துரத்தி மதில்மேல் ஏற்றிவிட்ட நாய், எல்லாம் வந்தது. லென்ஸும் சுவரைப் பார்த்து ஒன்று சொன்னார்: ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே, "வீட்டுல அவ தனியா இருப்பாடா" என்று சொல்லி ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்பாராம். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அவள் அழுவது மூவருக்கும் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. போகலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மழை. மதியமே சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

லென்ஸ் வீடு வந்து சேர்ந்தபோது மனைவி கதவைத் திறந்தாள். ஈரப் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவ உங்ககூடப் பேசினாளா?"

"இல்ல."

"வர்றப்பவும்?"

"இல்ல."

அவர் ஷூவைக் கழற்ற வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தார். நனைந்த கயிறு இறுகிப்போயிருந்தது; நகத்தால் நெம்பிப் பார்த்தார், அவிழவில்லை. குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. சாவுக்கு அழாத மனுஷன், ஒரு வருஷமாக ஒரு சொட்டு விடாத மனுஷன், குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முடிச்சை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தாள்.