களத்தில் நின்ற கேரவன்

அன்று களத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்காரர் காளிச்சாமி, அவர் மனைவி நாச்சம்மாள், மகன் சந்துரு, மருமகள் சிவசங்கரி, மலைமேல் சக்குபள்ளத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி நல்லதம்பி, சம்பந்தியம்மாள் முத்துப்பேச்சி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேதமுத்துவையும் சேர்த்தால் ஏழு பேர். தாங்களும் கண்ணால் பார்த்ததாகப் பின்னால் எலப்புள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்த மற்றவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஊர்த்திருவிழா, மாரியம்மன் நோம்பி. சீர் கொண்டு வந்திருந்தார் நல்லதம்பி. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது சொந்தமாக ஒரு கேரவன் வாங்கி, ஏலக்காட்டைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார். ஒரு சின்ன வீட்டைக் கட்டிச் சக்கரத்தின்மேல் தூக்கி வைத்ததுபோல இருக்கும் அந்த வண்டி. முன்னால் எதிரெதிரே இருக்கை, நடுவில் அடுப்பும் ஃபிரிட்ஜும், பின்னால் திரை போட்ட படுக்கை, கூரைமேல் ஒரு ஏசி. அந்த ஏசியைச் சக்குபள்ளத்தில் ஒருநாளும் போட்டதில்லை. அங்கே விருந்தாளிகள் கேட்பது கம்பளிதான்.

அவர் அந்த வண்டியிலேயே வந்ததற்குக் காரணம் உண்டு. மகளுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவள் புகுந்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைப்பதில்லை, தலை சாய்ப்பதுமில்லை. நல்லதம்பியின் குடும்பத்தில் அப்படி ஒரு முறை. அவர் அப்பா அதைக் காத்தார், தாத்தா காத்தார், இவரும் காக்கிறார். தங்கவும் சமைக்கவும் தன் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காளிச்சாமிக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறை என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் காக்கிற மனிதரை அவருக்குப் பிடிக்கும். அவருடைய கவலை வேறு.

கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துச் சந்துருவும் சிவசங்கரியும் ஒருவரையொருவர் விரும்பியபோது, காளிச்சாமி ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒருதரம் சொன்னதைத் திரும்பப் பேசவில்லை. ஊர்தான் பேசியது. இத்தனை நிலபுலம் உள்ள குடும்பம் மலையிலிருந்து ஜீப் டிரைவர் மகளைக் கொண்டுவருகிறதே என்றது. பேசியவர்கள் வீட்டுக்கெல்லாம் அவரே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது அதே சம்பந்தி அவர் வீட்டுக் களத்தில், வாசலுக்கு வெளியே, சித்திரை வெயிலில் நிற்கிறார். பெண்ணை எடுத்தார், பெற்றவர்களை வாசற்படி ஏற்றவில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

வண்டி நின்ற இடமும் சரியில்லை. களத்து ஓரத்தில் இருந்த புளியமரத்தைக் காட்டி, அந்த நிழலில் விடுங்கள் என்று காளிச்சாமி வந்தவுடனேயே சொல்லிப் பார்த்தார். நல்லதம்பி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். மலையில் ஒரு மழைக்காலத்தில் கிளை முறிந்து அவருடைய ஜீப்பின் கூரை நசுங்கிப்போனது. அதிலிருந்து மரத்தடியில் வண்டி விடுவதில்லை. வெட்டவெளியாகப் பார்த்து, வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்துத்தான் விடுவார். அவர் ஊரில் வெயில் விழுந்தால் வண்டி ஈரம் காயும். எலப்புள்ளியில் மனிதன் காய்வான். மிளகாய் கொட்டினால் பொழுது சாய்வதற்குள் சுக்காகிவிடுகிற சிமெண்டுக் களத்தின் நட்டநடுவில், பெரிய கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு வண்டி நின்றது.

பத்து மணிக்கே தகரம் தொட முடியாமல் சுட்டது. அந்த நேரத்தில் முத்துப்பேச்சி உள்ளே அடுப்பைப் பற்ற வைத்தார். மகள் வீட்டில் கை நனைக்க முடியாதே, சோறு அங்கேதான் வேக வேண்டும். வெளியே வெயில், உள்ளே தீ. ஜன்னலில் இருந்து வந்த ஆவி காளிச்சாமியின் முகத்தில் அடித்தது.

சந்துருவைக் கூப்பிட்டுச் சாக்குகளை நனைத்துக் கூரைமேல் விரிக்கச் சொன்னார். சம்பந்தி அதற்கும் மறுப்பார் என்று நினைத்தார். ஆனால் நல்லதம்பி சற்று யோசித்துவிட்டு, மேலுக்கு ஊற்றுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர் ஆகாது என்று ஒத்துக்கொண்டார். முன் கண்ணாடிக்கு உள்ளே பழைய வேட்டியைக் கட்டினார்கள். வெயில் படாத பக்கத்து ஜன்னல்களைத் திறந்தார்கள். கூரையில் இருந்த சின்னக் கதவைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்சம் தேவலை என்று தோன்றும்போதே சாக்கு காய்ந்துபோகும். சந்துரு ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான்.

சந்துரு வீட்டுக்குள் போய் நீளமான வயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். குளியலறையில் கீசருக்குப் போட்டிருக்கும் பெரிய ப்ளக்கிலிருந்து கரண்டு எடுத்தால் வண்டியின் ஏசி ஓடும் என்றான். எல்லோரும் நல்லதம்பியைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் மாப்ளே," என்றவர், காளிச்சாமியின் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்கிடாதீங்க சம்பந்தி. சோறு வேற, கரண்டு வேறன்னு நாம சொல்லிக்கிடலாம். ஆனா அது உள்ள வந்து சுகத்தக் குடுக்குதுல்லா. மக வீட்டுச் சுகம் எங்களுக்கு இப்போ ஆகாது."

மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டால் முறை தப்பாதே என்று சந்துரு வாயெடுத்தான். காளிச்சாமி மகனை ஒரு பார்வை பார்த்தார். சம்பந்திக்குக் கரண்டு விற்கிற நிலைமைக்கு அந்தக் குடும்பம் இன்னும் வரவில்லை. சந்துரு வயரைச் சுருட்டி ஏணியில் மாட்டினான்.

உச்சி வெயில் ஏறியது. வண்டிப் படியில் முத்துப்பேச்சி வந்து உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. தலை சுற்றுகிறது, ஒன்றுமில்லை, அடுப்புச் சூடு என்றார். சிவசங்கரி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து படுங்கள் என்று நாச்சம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நீயாச்சும் ஒங்க அப்பாட்ட சொல்லேன்ட்டி," என்று மெல்ல மகளிடம் சொன்னது காளிச்சாமியின் காதில் விழுந்தது.

சிவசங்கரி அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு அவரைத் தெரியும். தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். வந்து நான்கு மாதமாகிறது. இந்த வீட்டில் அவள் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

காளிச்சாமி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். சலவை வேட்டி, கழுத்துவரை பித்தான் போட்ட முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத துண்டு, கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங்க, இந்த வெயில்ல எங்கெ கெளம்பீட்டீங்க?" என்று நாச்சம்மாள் கேட்டார்.

"விருந்துக்கு," என்றார்.

களத்துப் பக்கம் திரும்பாமல் முன்வாசல் கேட்டைத் திறந்து ரோட்டைக் கடந்தார். வேதமுத்துவின் கடையில் ஒரு சீப்பு செவ்வாழை கேட்டார். தோட்டத்தில் தார் தாராகத் தொங்க வைத்துக்கொண்டு கடையில் வாங்குகிறாரே என்று வேதமுத்து வியந்தபடி எங்கே பயணம் என்று விசாரித்தார். காரணம் சொல்லிப் பழக்கமில்லாத காளிச்சாமி பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக் கேட்டைத் தாண்டி, வேலியைச் சுற்றி, வண்டிகள் வருகிற பின்தடம் வழியாகக் களத்துக்குள் நுழைந்தார். கேரவனின் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார்.

"சம்பந்தி இருக்கீங்களா?"

நல்லதம்பி எட்டிப் பார்த்தார். சம்பந்தியின் சட்டையையும் பையையும் கண்டதும் அவருக்குப் பாதி புரிந்தது. முறை தெரிந்தவர் ஆயிற்றே. பெண்ணைக் கொடுத்தவர்தான் வாங்கியவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, வாங்கியவர் கொடுத்தவர் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் உபசரிக்க வேண்டும்.

"வாங்க, வாங்க சம்பந்தி," என்று எழுந்து நின்றார். "ஏட்டி, யாரு வந்திருக்கான்னு பாரு."

காளிச்சாமி பழத்தைக் கொடுத்துவிட்டு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே நெல் அவிக்கிற அண்டாவுக்குள் இறங்கியதுபோல இருந்தது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை காதோரம் இறங்கிக் காலருக்குள் போனது. துண்டை எடுக்கவில்லை. பித்தானைத் தொடவில்லை. ஊரில் மழை உண்டா, ஏலக்காய் இந்த வருஷம் எப்படி என்று நிதானமாக விசாரித்தார்.

நல்லதம்பி பதில் சொல்லிக்கொண்டே ஒரு செய்தித்தாளை மடித்து விசிறினார். கை வலித்தது. மாற்றுக் கையால் விசிறினார். ஏலக்காய்ப் பேச்சு பாதியில் நின்றது.

"உள்ள வெக்கையா இருக்கு சம்பந்தி. வெளிய அந்த மரத்தடியில உக்காந்து பேசலாமா?"

"வந்த எடத்துல வெளிய உக்கார்ற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்களே," என்றார் காளிச்சாமி.

சட்டை முதுகில் ஒட்டியது. முத்துப்பேச்சி தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பை அலுங்காமல் வைத்தார். எழுவதாகத் தெரியவில்லை. வீடு தேடி வந்த விருந்தாளி கண் முன்னால் வெந்துகொண்டிருக்கிறார். நல்லதம்பி செய்தித்தாளைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக மகளைக் கூப்பிட்டார்.

"சங்கரி, மாப்ளைய அந்த வயர மாட்டச் சொல்லும்மா. ஒங்க மாமாவுக்குப் புழுங்குது."

சந்துரு வயரை உருவி மாட்டிய வேகத்தில் ஏணி சரிந்தது. கூரைமேல் ஏதோ தொண்டையைக் கனைத்தது. முதலில் தூசி வாசனை வந்தது, பிறகு இளங்காற்று, பிறகு மெய்யாகவே குளிர்.

"ஆனா ஒண்ணு சம்பந்தி," என்றார் நல்லதம்பி. "ஒங்க வீட்டுக் கரண்டு, நீங்க அனுபவிக்கிறீங்க. எனக்குப் பேச்சில்ல. நீங்க எறங்கினா வயரும் எறங்கிரும்."

"அவசரமா நானொண்ணும் எறங்கறாப்ல இல்லீங்க," என்றார் காளிச்சாமி. அப்போதுதான் மேல் பித்தானைக் கழற்றினார்.

ஜன்னல்களை அடைத்தார்கள். சாக்கை மட்டும் சந்துரு நனைத்துக்கொண்டே இருந்தான், கூரை ஆறினால்தான் உள்ளே குளிர் நிற்கும் என்று. முத்துப்பேச்சி பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக் கண்ணயர்ந்தார். விருந்தாளியை வெறும் வயிற்றோடு வைக்கலாமா என்று நல்லதம்பியே சோறு போட்டார். மொச்சைக் குழம்பும் அப்பளமும். காளிச்சாமி இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டார். அதன்பின் எதிரெதிர் இருக்கைகளில் இரண்டு சம்பந்திகளும் கால் நீட்டிப் படுத்தார்கள். யார் முதலில் குறட்டை விட்டது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

மூன்று மணி வாக்கில் நாச்சம்மாள் வந்து கதவைத் தட்டினார்.

"ஏனுங்க, நீங்க ஊட்டுக்கு வாறீங்களா, இல்லெ இங்கயேதான் இருக்கப் போறீங்களா?"

"விருந்துக்கு வந்தவனெ ஆராச்சும் எழுப்புவாங்களா புள்ள? கதவெச் சாத்து, குளுரு போவுது."

நாச்சம்மாள் கதவைச் சாத்தினார், ஆனால் உள்ளே வந்து சாத்தினார். பால் விடாமல் ஏலக்காய் போட்ட கட்டன் சாயா கிடைத்ததும் கிளம்புகிற எண்ணமே அவருக்குப் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சிவசங்கரியும் வந்து தாயின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். முத்துப்பேச்சியின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. சிவசங்கரி மாமனாரைப் பார்த்தாள். அவர் ஏலக்காய் விலையைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தபோது மலை இடுக்கு வழியாகக் கணவாய்க்காற்று எழுந்தது. நல்லதம்பி ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுச் சந்துருவிடம் வயரை எடுக்கச் சொன்னார். இனி அவருக்கு யார் வீட்டுக் கரண்டும் தேவையில்லை. காளிச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வந்த தடத்திலேயே வேலியைச் சுற்றி நடந்து முன்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் விடியற்காலையில் வெயிலுக்கு முன்னால் வண்டி புறப்பட்டது. அடுத்ததரம் நீங்கள் மேலே வாருங்கள் சம்பந்தி, அங்கே ஏசி வேண்டாம் என்றார் நல்லதம்பி. கம்பளி கொண்டுவருகிறேன் என்றார் காளிச்சாமி.

காளிச்சாமி பயந்த பேச்சு ஊரில் எழவே இல்லை. எழுந்தது வேறு. எலப்புள்ளியில் சிலர் இப்போதும் சொல்கிறார்கள்: நோம்பிக்கு வந்த மருமகள் வீட்டார் வீட்டைப் பூட்டிக் காளிச்சாமியை வெளியே அனுப்பிவிட்டார்களாம், அவர் துணிமணியைப் பையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு பஸ்ஸுக்குள் படுத்துக் கிடந்தாராம். அது தவறு. அவரை யாரும் அனுப்பவில்லை. அது பஸ் அல்ல, கேரவன். பையில் இருந்தது செவ்வாழை.