கண்ணாடிக்குப் பின்னால் வைக்கோல்

டோரீன் கோழிக் கொட்டகையிலிருந்து ஒரு கை வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்து, கூடத்துச் சுவரிலிருந்த சின்ன ஜன்னலின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். உள்ளே பழைய வைக்கோல் கறுத்துப்போய், தொட்டதும் கையோடு வந்தது. பூஞ்சை வாடை மூக்கைத் துளைத்தது. வழித்து வாளியில் போட்டு, கோழி முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு புது வைக்கோலைத் திணித்து, கண்ணாடியைத் துடைத்துச் சாத்தினாள். மதியத்துக்குள் மகள் வந்துவிடுவாள்.

கொலராடோவின் அந்தப் பள்ளத்தாக்கில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மண் பூசி வீடு கட்டுகிறவர்கள், உள்சுவரில் இப்படி ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு விட்டுவைப்பார்கள். உண்மை ஜன்னல் என்று பெயர். வருகிறவர்கள் நிஜமாகவே வைக்கோல்தானா என்று கேட்டால் திறந்து காட்டலாம். டோரீனின் கணவன் ராய்ஸ் யாரும் கேட்கக் காத்திருந்ததில்லை. தபால்காரரைக்கூட உள்ளே இழுத்துவந்து காட்டுவான்.

ராய்ஸ் இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் இருந்தவரை பனி விழுந்தால் கூரையேறித் தள்ளுவான், வசந்தத்தில் மகளோடு மூவருமாகச் சேறு மிதித்துச் சுவர் பூசுவார்கள். இப்போது டோரீனின் எழுபது வயதுக் கால்களால் ஏணியேற முடிவதில்லை. மார்ச் மாதத்துப் பனி உருகிச் சுவருக்குள் இறங்கியபோது, கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

"வீட்டுல சின்னதா ஒரு கோளாறு இருந்தாலும் சரி, குளிருக்கு முன்னாடி உன்னை டென்வருக்குக் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் பேச்சே கிடையாது" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். சில நாள் டோரீன் கோழிகளோடு மட்டுமே பேசினாள். தனிமை அவளைத் தின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தச் சுவர் முழுக்க ராய்ஸின் கை தடவிய தடம். டென்வர்த் தனிமையில் அவன் தடம்கூட இருக்காது.

மதியம் மகள் ஜூனிப்பர் வந்தாள். அப்பாவும் அம்மாவும் மலைச்சரிவு மரத்தின் பெயரை வைத்துவிட, பள்ளிக்கூடத்தில் கேலி பொறுக்காமல் ஜூன் ஆகிவிட்டவள். வந்ததும் வராததுமாகச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வீட்டை விலைக்குக் கேக்க வந்தவ மாதிரி தட்டுற? சாப்பிட வா. பச்சை மிளகாய் ஸ்டூ ஆறுது."

"வரேம்மா, இரு."

நேராக உண்மை ஜன்னலைத் திறந்து, இடது மூலையில் விரலை விட்டுத் துழாவினாள். டோரீன் அவசரமாகப் பக்கத்தில் போனாள்.

"என்ன தேடுற?"

"என் பல்லு."

"பல்லா?"

"முதல்ல விழுந்த பல்லு. அப்பா இங்கதான் சொருகி வச்சார். வீட்டை நல்லா கடிச்சுப் பிடிச்சுக்கும்னு சொன்னார். உன்கிட்ட சொன்னா திட்டுவியாம். எப்ப வந்தாலும் ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் போவேன்."

இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் டோரீன். அப்பனும் மகளும் சேர்ந்து அவளை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கோபிக்கலாம் என்றால் அவன் இல்லை.

ஜூனிப்பரின் விரல் மஞ்சள் வைக்கோலைத் தாண்டி உள்ளே போனது. வெளியே வந்தபோது பல் இல்லை; விரல் கறுப்பாக இருந்தது. அதை முகர்ந்து பார்த்தாள்.

"எப்பத்திலேருந்தும்மா?"

"மார்ச்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிருவ."

ஜூனிப்பர் வாசல் பக்கம் நடந்தாள். விரலைக்கூடத் துடைக்கவில்லை.

டோரீன் கோழி முற்றத்துக்குப் போய், காலையில் கொட்டிய அந்தக் கறுப்புக் குவியலின் முன்னால் மண்டியிட்டாள். தீனி என்று நினைத்துக் கோழிகள் ஓடிவந்தன. "போங்கடி அந்தப் பக்கம்!" என்று விரட்டிவிட்டு, ஈர வைக்கோலைப் பிடிபிடியாக ஏப்ரனில் பரப்பி வெயிலில் பிரித்துப் பார்த்தாள். வாசல் பக்கம் காரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் பையை இறக்குகிறாளா, கிளம்புகிறாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெள்ளையாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அவசரமாக எடுத்துத் துடைத்தாள். முட்டை ஓடு. பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள்.